பழைய கேம் கன்ட்ரோலர் ஆர்டுவினோவில் வேலை செய்யவில்லையா? லைப்ரரியைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அக்காள் மகன் வீட்டுக்கு வந்தான். உயர்நிலை 2 படிக்கிறான். பையில் ஒரு ஆர்டுவினோ ஊனோ போர்டு (நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை), நிண்டெண்டோவின் பழைய சூப்பர் ஃபாமிகாம் கன்ட்ரோலர் ஒன்று, கொத்தாக ஜம்பர் வயர்கள். கன்ட்ரோலரை அவர்கள் புளோக்குக்கு வரும் கராங்குனிக்காரரிடம் (பழைய சாமான் வாங்கி விற்பவர்) இரண்டு வெள்ளி கொடுத்து வாங்கியிருந்தான்.

"மாமா, மூணு லைப்ரரி போட்டுப் பாத்துட்டேன். எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒண்ணுமே வரல" என்றான்.

லைப்ரரி என்றால், கன்ட்ரோலரைப் படிப்பதற்கு வேறொருவர் எழுதி வைத்த தயார் நிரல். நான் வயர்களைப் பார்த்தேன். சிவப்பு வயரை 5 வோல்ட்டில் சொருகியிருந்தான். புதிதாகத் தொடங்கும் யாரும் அப்படித்தான் சொருகுவார்கள். சிவப்பு என்றால் பவர் என்று எல்லாப் பாடமும் சொல்கிறது. ஆனால் அசல் சூப்பர் ஃபாமிகாம் கன்ட்ரோலரில் வெள்ளைதான் 5 வோல்ட். பழுப்பு கிரவுண்டு, மஞ்சள் கிளாக், ஆரஞ்சு லாட்ச், சிவப்பு டேட்டா. வயர்களை மாற்றிச் சொருகியதும், அவன் முதலில் போட்ட லைப்ரரியிலேயே எல்லாப் பட்டனும் வந்தன.

அவனைப் போலப் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு, கன்ட்ரோலரை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. திரையில் தப்பான எண் வந்தால் மனம் உடனே லைப்ரரி மேல் சந்தேகப்படுகிறது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான். உண்மையில் லைப்ரரி வயரில் இருப்பதைப் படித்துச் சொல்வதோடு சரி. அந்தத் தப்பான எண்ணைக் கூர்ந்து பார்த்தால், எந்த வயரில் கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். அதைப் படிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கையில் இருப்பது எந்த வகை?

பழைய கன்ட்ரோலர்கள் எல்லாம் ஒரே மாதிரிப் பேசுவதில்லை. 1983இல் வந்த ஃபாமிகாம், அதன் வெளிநாட்டு வடிவமான நெஸ், 1990இல் வந்த சூப்பர் ஃபாமிகாம் ஆகியவை ஒரு குடும்பம். இவற்றின் உள்ளே இருப்பது ஷிஃப்ட் ரெஜிஸ்டர் என்ற சிப், அதைப் பிறகு விளக்குகிறேன். 1988இல் வந்த சேகா மெகா டிரைவ், பட்டன்களை இரண்டு தொகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றிக் காட்டும். 1994இன் பிளேஸ்டேஷன், எஸ்பிஐ (ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஒரு பிட் அனுப்பும் முறை) போன்ற முறையில் பைட் பைட்டாகப் பேசும். 1996இன் நிண்டெண்டோ 64, 2001இன் கேம்கியூப் இரண்டும் ஒரே டேட்டா வயரில் கேள்வியையும் பதிலையும் அனுப்பும்.

பிளக்கின் வடிவத்தை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த மைக்ரோ ஜீனியஸ் போன்ற ஃபாமிகாம் நகல் பெட்டிகளில், சேகாவைப் போலவே 9 பின் பிளக் வைத்த கன்ட்ரோலர்கள் உண்டு. வெளியே சேகா மாதிரித் தெரியும், உள்ளே ஃபாமிகாம் முறை ஓடும். சேகா லைப்ரரியைப் போட்டு அதனோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினாலும் பலன் இருக்காது.

முதல் முயற்சிக்கு நெஸ் அல்லது சூப்பர் ஃபாமிகாம் கன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும். நிண்டெண்டோ 64இல் தொடங்க வேண்டாம்.

தேவையான சாமான்

ஒரு மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். இது இல்லாமல் தொடங்கினால் குருட்டாம்போக்கில் தேடுவதாகிவிடும். விலை அதிகமானது வேண்டாம். வோல்ட் அளக்க வேண்டும், இரண்டு முனை இணைந்திருந்தால் பீப் சத்தம் தர வேண்டும். அவ்வளவு போதும்.

சிங்கப்பூரில் ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போங்கள். ரோச்சோர் எம்ஆர்டியிலிருந்து நடந்தே போய்விடலாம். கணினி விற்கும் சிம் லிம் ஸ்குவேர் வேறு, குழம்பிவிடாதீர்கள். 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களில் சில, ஒரு பிரெட்போர்டு (பற்றவைக்காமல் வயர்களைச் சொருகும் பலகை), கிடைத்தால் 4021 என்ற சிப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சிப்பின் வேலை பிறகு வரும்.

ஒரு வேண்டுகோள். அசல் கன்ட்ரோலரின் பிளக்கை வெட்டாதீர்கள். நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கி, அதை நடுவில் வெட்டி, கன்ட்ரோலர் சொருகும் பக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கள். முப்பது வருடம் பிழைத்து வந்த பொருள், நம் கையில் வந்து வெட்டுப்பட வேண்டாம். நீட்டிப்பு வயரின் உள் நிறங்கள் கன்ட்ரோலர் வயரின் நிறங்களோடு ஒத்துப்போகும் என்றும் நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பின்னிலிருந்தும் எந்த நிற வயர் போகிறது என்று மல்டிமீட்டர் பீப் வைத்துப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் இனி உங்களுக்கு ஆதாரம்.

உள்ளே என்ன நடக்கிறது?

நெஸ் கன்ட்ரோலருக்குள் இருப்பது 4021 என்ற 8 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர். லாட்ச் வயரில் ஒரு துடிப்பு போனால், அந்தக் கணத்தில் எட்டுப் பட்டன்களும் இருந்த நிலையை அது ஒரு புகைப்படம்போலப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு கிளாக் வயரில் ஒவ்வொரு துடிப்புக்கும், வரிசையில் நிற்பவர்கள் ஒரு அடி முன்னே வருவதுபோல அடுத்த பட்டனின் நிலை டேட்டா வயருக்கு வருகிறது. நெஸ்ஸில் வரிசை இது: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். சூப்பர் ஃபாமிகாமில் 16 பிட்: பி, ஒய், செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம், ஏ, எக்ஸ், எல், ஆர். கடைசி நான்கு இடங்கள் வெறுமனே இருக்கும்.

இரண்டு விஷயங்களை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தினால் வயரில் 0, அழுத்தாவிட்டால் 1. லைப்ரரிதான் இதைத் திருப்பிப்போட்டு, அழுத்தினால் 1 என்று நமக்குக் காட்டுகிறது. இன்னொன்று, லாட்ச் முடிந்ததுமே முதல் பட்டனின் நிலை டேட்டா வயரில் வந்து காத்திருக்கிறது. அதற்குக் கிளாக் தேவையில்லை. பின்னால் வரும் பாதிக் கோளாறுகளுக்கு விடை இந்த இரண்டில் இருக்கிறது.

முதல் வேலை: போர்டைத் தனியாகச் சோதியுங்கள்

கன்ட்ரோலரைக் கழற்றி வைத்துவிடுங்கள். போர்டை மட்டும் இணைத்து, ஆர்டுவினோ மென்பொருளோடு வரும் விளக்கு மினுக்கும் எடுத்துக்காட்டைப் போடுங்கள். போர்ட் பட்டியலில் பெயரே வரவில்லை என்றால் யூஎஸ்பி வயரை மாற்றுங்கள். கைப்பேசிக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர்களில் டேட்டா கம்பிகள் இருக்காது. மலிவு விலை நகல் போர்டுகளில் சிஎச்340 என்ற சிப் இருந்தால், அதற்கான டிரைவரையும் சில கணினிகளில் போட வேண்டியிருக்கும்.

அப்புறம் சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் காட்டும் சாளரம்) ஒரு வரி அச்சிட்டுப் பாருங்கள். எழுத்துகள் குப்பையாக வந்தால், நிரலில் கொடுத்த வேகமும் மானிட்டரில் தேர்ந்தெடுத்த வேகமும் வேறுவேறு. ஒன்று 9600, மற்றது 115200 என்று இருக்கும். ஊனோவில் 0, 1 ஆகிய பின்கள் இந்த சீரியல் பேச்சுக்கே தேவைப்படுகின்றன. கன்ட்ரோலருக்கு அவற்றைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து: பவர்

கன்ட்ரோலரை இணைத்துவிட்டு, மல்டிமீட்டரைக் கன்ட்ரோலர் பக்கத்து முனைகளில் வைத்து அளங்கள். போர்டு பக்கத்தில் 5 வோல்ட் இருப்பதால் மறுமுனையிலும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பழைய பிளக்குகளின் உலோகம் கறுத்துப் போகும், பிரெட்போர்டின் உட்பற்கள் தளர்ந்திருக்கும்.

இங்கே ஒரு மயக்கம் உண்டு. பவர் வயர் அறுந்திருந்தாலும் கன்ட்ரோலர் அரைகுறையாக வேலை செய்யலாம். லாட்ச், கிளாக் வயர்கள் வழியே வரும் மின்சாரம் சிப்பின் பாதுகாப்பு டயோடுகள் வழியாகக் கசிந்து அதை அரை உயிரோடு வைத்திருக்கும். அப்போது பட்டன்கள் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. "எப்போதாவது மட்டும் தப்பாக வருகிறது" என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது பவர் வயரைத்தான்.

நெஸ் கன்ட்ரோலரின் வயர் நிறங்கள் தெரியாவிட்டால் திறந்து பாருங்கள். 16 கால் 4021 சிப் இருந்தால் வேலை எளிது. 16ஆம் காலுக்குப் போவது பவர், 8ஆம் காலுக்குப் போவது கிரவுண்டு, 3 டேட்டா, 9 லாட்ச், 10 கிளாக். மல்டிமீட்டர் பீப் வைத்தே ஐந்து வயரையும் அடையாளம் கண்டுவிடலாம். நகல் கன்ட்ரோலர்களில் சிப்புக்குப் பதிலாகக் கறுப்புப் பசை உருண்டை ஒன்று இருக்கும். அதில் கால்களைப் பார்க்க வழியில்லை. பிளக் பின்களை வைத்துத்தான் போக வேண்டும்.

பழுதை இரண்டாகப் பிரிக்கும் சோதனை

ஒரு நிமிடம் பிடிக்கும் இந்தச் சோதனை பல மணி நேரத்தைக் காப்பாற்றும். டேட்டா பின்னிலிருந்து கன்ட்ரோலரின் டேட்டா வயரைக் கழற்றுங்கள். அந்தப் பின்னுக்கு உள் புல்-அப் (எதுவும் இணைக்காதபோது பின்னை உயர்நிலையில், அதாவது 1இல், வைத்திருக்கும் ரெசிஸ்டர்) போட்டிருக்க வேண்டும். லைப்ரரி அதைப் போட்டுத் தரவில்லை என்றால், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அந்தப் பின்னுக்கும் பவருக்கும் இடையில் வையுங்கள். இப்போது சீரியல் மானிட்டரில் எந்தப் பட்டனும் அழுத்தியதாகக் காட்டக் கூடாது. பிறகு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அந்தப் பின்னைக் கிரவுண்டில் தொடுங்கள். எல்லாப் பட்டனும் ஒரே நேரத்தில் அழுத்தியதாகக் காட்ட வேண்டும். கன்ட்ரோலர் வகையைத் தானே கண்டுபிடிக்கும் லைப்ரரியானால் வகையின் பெயர்கூட மாறலாம். மதிப்பு மாறினாலே போதும்.

இப்படி நடந்தால் போர்டு, லைப்ரரி, டேட்டா பின் எண், சீரியல் மானிட்டர் நான்கும் சரி. கோளாறு வயரிலோ கன்ட்ரோலரிலோ இருக்கிறது, அல்லது லாட்ச், கிளாக் பின்களின் எண்ணைத் தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். நடக்காவிட்டால் கன்ட்ரோலரைத் தொட வேண்டிய அவசியமே இப்போது இல்லை.

மெதுவாக ஓட்டிப் பாருங்கள்

நெஸ் குடும்பத்தில் தொடங்கச் சொன்னதன் காரணம் இது. 4021க்குக் குறைந்தபட்ச வேகம் என்று எதுவும் இல்லை. கேம் பெட்டி 12 மைக்ரோ நொடிக்கு ஒரு கிளாக் கொடுத்தாலும் சரி, நீங்கள் ஒரு நொடிக்கு ஒன்று கொடுத்தாலும் சரி, அது பொறுமையாகப் பதில் சொல்லும். ஆகவே லைப்ரரியை ஓரமாக வைத்துவிட்டு, பத்து வரியில் நீங்களே ஒரு நிரல் எழுதிப் பார்க்கலாம்.

லாட்ச், கிளாக் இரண்டையும் வெளியீட்டுப் பின்களாக அமைத்துத் தாழ்நிலையில் வையுங்கள். டேட்டா, புல்-அப் போட்ட உள்ளீடு. பிறகு லாட்ச்சை உயர்த்தி, அரை நொடி பொறுத்து, தாழ்த்துங்கள். டேட்டாவைப் படித்து அச்சிடுங்கள். இது முதல் பட்டன். பிறகு கிளாக்கை உயர்த்தி, அரை நொடி பொறுத்து, தாழ்த்தி, டேட்டாவைப் படியுங்கள், இது இரண்டாவது. எட்டுப் பட்டனும் முடியும்வரை இப்படியே. லாட்ச்சுக்கும் கிளாக்குக்கும் ஆளுக்கொரு எல்இடியை 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு மாட்டிவிட்டால், துடிப்பு போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் முறை வரும்போது 0 விழுகிறதா என்று பாருங்கள்.

அக்காள் மகனுக்கு இதைச் செய்து காட்டியபோது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஒவ்வொரு பட்டனாகப் பார்த்தான். லைப்ரரி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் செய்யும் வேலை முழுவதும் இவ்வளவுதான் என்று அப்போது அவனுக்குப் புரிந்தது.

திரையில் வருவதை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

எந்தப் பட்டனும் ஒருபோதும் வரவில்லை என்றால், டேட்டா வயர் எப்போதும் உயர்நிலையில் இருக்கிறது. டேட்டா வயர் அறுந்திருக்கலாம், தவறான பின்னில் இருக்கலாம், கன்ட்ரோலருக்குப் பவர் போகாமல் இருக்கலாம். என் அக்காள் மகனுக்கு வந்தது இதுதான்.

எல்லாப் பட்டனும் எப்போதும் அழுத்தியபடியே இருந்தால், டேட்டா தாழ்நிலையில் சிக்கியிருக்கிறது. டேட்டா வயர் எங்கோ கிரவுண்டைத் தொடுகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். தொடவில்லை என்றால் லாட்ச்சைப் பாருங்கள். லாட்ச் துடிப்பே போகாமல் கிளாக் மட்டும் ஓடினால், சிப் புதிய புகைப்படம் எடுப்பதே இல்லை. இருந்ததெல்லாம் வெளியே போனபின், அசல் கன்ட்ரோலர் 0 மட்டுமே அனுப்பிக்கொண்டிருக்கும். லைப்ரரி அதை "எல்லாம் அழுத்தியிருக்கிறது" என்று சொல்லும்.

நெஸ்ஸில் ஏ பட்டனை அழுத்தினால் எட்டும் சேர்ந்து வருகின்றன, மற்றவற்றை அழுத்தினால் ஒன்றும் இல்லை என்றால் அது கிளாக். வரிசை நகரவே இல்லை. முதல் ஆளையே எட்டு முறை கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். லாட்ச் வயர் உயர்நிலையில் சிக்கியிருந்தாலும் இதே காட்சிதான். லாட்ச்சையும் கிளாக்கையும் மாற்றிச் சொருகினாலும் பெரும்பாலும் இதைப் போலத்தான் வரும். ஆகவே இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பார்ப்பது முதல் முயற்சியாக இருக்கட்டும். சூப்பர் ஃபாமிகாமில் முதல் இடம் பி பட்டனுக்கு என்பதால் அங்கே பி அப்படிச் செய்யும்.

பட்டன்கள் வருகின்றன, ஆனால் ஒரு இடம் தள்ளி வருகின்றன. நெஸ்ஸில் பி அழுத்தினால் ஏ என்கிறது, ஏ அழுத்தினால் ஒன்றும் இல்லை, வலம் மட்டும் எப்போதும் அழுத்தியபடி இருக்கிறது. இங்கே வயர் எல்லாம் சரி. நிரல் கிளாக் கொடுத்துவிட்டுப் பிறகு படிக்கிறது. முதல் ஆளைப் பார்க்காமலே அனுப்பிவிட்டது. கடைசி இடத்தில் ஒன்பதாவது பிட்டைப் படிப்பதால் 0 விழுகிறது. படிக்கும் வரியையும் கிளாக் கொடுக்கும் வரியையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். நிரலில் பிழை இருப்பதற்கு நான் பார்த்தவரை மிகத் தெளிவான அடையாளம் இதுதான்.

சூப்பர் ஃபாமிகாம் கன்ட்ரோலரில் ஏ, எக்ஸ், எல், ஆர் நான்கும் வரவில்லை, மற்றவை ஒழுங்காக இருக்கின்றன என்றால், லைப்ரரி நெஸ் முறையில் 8 பிட் மட்டும் படிக்கிறது. அமைப்பை மாற்றுங்கள். இதற்கு நேர்மாறாக, நெஸ் கன்ட்ரோலரை 16 பிட்டாகப் படித்தால் அந்த நான்கும் எப்போதும் அழுத்தியபடி இருக்கும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் மினுக்கினால் கிரவுண்டைப் பாருங்கள், பிறகு வயரின் நீளத்தைப் பாருங்கள். போர்டும் கன்ட்ரோலரும் ஒரே கிரவுண்டைப் பகிர வேண்டும். கன்ட்ரோலர் வயரைப் பிளக் அருகிலும் உடல் அருகிலும் மெதுவாக வளைத்துக்கொண்டே திரையைப் பாருங்கள். வயர் உள்ளே அறுவது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான்.

இவ்வளவு பார்த்தும் கன்ட்ரோலர்தான் பழுதா என்று உறுதியாகவில்லை என்றால், வாங்கி வைத்த 4021ஐப் பிரெட்போர்டில் சொருகி நீங்களே ஒரு கன்ட்ரோலர் செய்யுங்கள். எட்டு உள்ளீடுகளுக்கும் 10 கிலோ ஓம் புல்-அப், கிரவுண்டுக்கு இழுக்கும் எட்டுப் பட்டன்கள், 11ஆம் காலைக் கிரவுண்டில் போடுங்கள். இது வேலை செய்து, பழைய கன்ட்ரோலர் செய்யவில்லை என்றால், பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது.

3.3 வோல்ட் போர்டு வைத்திருந்தால்

ராஸ்பெர்ரி பை பைக்கோ, இஎஸ்பி32 இரண்டின் பின்களும் 5 வோல்ட்டைத் தாங்கும்படி செய்யப்படவில்லை. கன்ட்ரோலருக்கு 5 வோல்ட் கொடுத்தால் டேட்டா வயரிலும் 5 வோல்ட் வந்து போர்டைக் கெடுக்கலாம். கன்ட்ரோலருக்கு 3.3 வோல்ட்டே கொடுங்கள். 4021 சிப் 3 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யக்கூடியது.

இந்தப் போர்டுகள் ஊனோவைவிடப் பல மடங்கு வேகமானவை. ஊனோவில் ஒரு பின்னை மாற்றும் கட்டளையே சில மைக்ரோ நொடி எடுக்கும். அந்தத் தாமதத்தை நம்பி எழுதிய பழைய லைப்ரரி, வேகமான போர்டில் கன்ட்ரோலர் தயாராகும் முன்பே படித்துவிடும். லாட்ச்சை 12 மைக்ரோ நொடி உயர்த்தி வைத்து, கிளாக்கின் ஒவ்வொரு பாதிக்கும் 6 மைக்ரோ நொடி கொடுங்கள். சூப்பர் ஃபாமிகாம் பெட்டி கொடுத்த நேரம் அதுதான்.

இஎஸ்பி32இல் 34 முதல் 39 வரையுள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டும். அவற்றுக்கு உள் புல்-அப்பும் கிடையாது. லாட்ச்சை 34இல் போட்டுவிட்டு நிரலைத் திருத்திக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிரலைப் போர்டில் ஏற்றும்போது எந்தப் பிழைச் செய்தியும் வராததால் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நிண்டெண்டோ 64, கேம்கியூப்

இங்கே மெதுவாக ஓட்டும் வழி இல்லை. கன்ட்ரோலருக்குச் சொந்தக் கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொரு பிட்டும் 4 மைக்ரோ நொடி. 1 மைக்ரோ நொடி தாழ்ந்து 3 உயர்ந்தால் அது 1. 3 தாழ்ந்து 1 உயர்ந்தால் அது 0. ஊனோ 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒரு மைக்ரோ நொடிக்குள் அதற்குக் கிடைப்பது 16 சுற்றுகள்தான். எனவே இந்த லைப்ரரிகள் சிப்பின் அடிமட்ட மொழியான அசெம்பிளியில் எழுதப்பட்டிருக்கும்; படிக்கும்போது இன்டரப்டுகளை (ஓடும் நிரலை இடையில் நிறுத்திவிட்டு நுழையும் வேலைகளை) நிறுத்திவிடும். இன்டரப்டை நிறுத்தாத நிரலில், நேரம் கணக்கிடும் டைமர் ஏறக்குறைய ஒவ்வொரு மில்லி நொடியும் குறுக்கே வந்து பதிலைக் கெடுக்கும்.

டேட்டா வயரில் 5 வோல்ட்டை ஒருபோதும் தள்ளாதீர்கள். இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் அந்த வயர் 3.3 வோல்ட் வகை. போர்டு அதைத் தாழ்த்த மட்டும் செய்யலாம். உயர்த்தும் வேலையை 3.3 வோல்ட்டுக்கு இணைத்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டரிடம் விட்டுவிடுங்கள். ஊனோவின் சிப் 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் உயர்நிலை என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். 3.3 அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆகவே ரெசிஸ்டர் இல்லாமலோ, நீளமான வயரிலோ இது தடுமாறும். கேம்கியூப் கன்ட்ரோலரில் 5 வோல்ட் பின் ஒன்று தனியாக இருக்கிறது. அது அதிர்வு மோட்டாருக்கு.

புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால், இந்த இரண்டுக்கும் பைக்கோவைத்தான் சொல்வேன். அதில் உள்ள பிஐஓ என்ற தனிப் பகுதி, முதன்மைச் செயலி வேறு வேலையில் இருந்தாலும் நேரம் தவறாமல் பிட்டுகளை அனுப்பும், படிக்கும்.

சேகாவும் பிளேஸ்டேஷனும் சுருக்கமாக

மெகா டிரைவில் 5ஆம் பின் 5 வோல்ட், 8 கிரவுண்டு, 7 செலக்ட். செலக்ட் உயர்நிலையில் பி, சி பட்டன்கள். தாழ்நிலையில் அதே வயர்களில் ஏ, ஸ்டார்ட். ஏ, பி இரண்டும் எப்போதும் சேர்ந்தே வந்தால் செலக்ட் வயர் அசையவில்லை. ஆறு பட்டன் கன்ட்ரோலரை மூன்று பட்டன் என்று காட்டினால் நேரத்தைப் பாருங்கள். செலக்ட்டை அடுத்தடுத்து விரைவாக மாற்ற வேண்டும், ஏறக்குறைய 1.5 மில்லி நொடி இடைவெளி விட்டால் அதன் உள் எண்ணிக்கை திரும்பத் தொடக்கத்துக்குப் போய்விடும்.

பிளேஸ்டேஷனில் டேட்டா வயருக்குப் புல்-அப் ரெசிஸ்டர் கட்டாயம். பதிலின் இரண்டாவது பைட் பதினாறடிமானத்தில் 41 என்றால் சாதாரண நிலை, 73 என்றால் அனலாக் நிலை. அதை அடுத்து 5ஏ வர வேண்டும். எல்லாமே எஃப்எஃப் என்றால் கன்ட்ரோலர் பதிலே சொல்லவில்லை. அட்டென்ஷன் வயரைப் பாக்கெட் முடியும்வரை தாழ்த்தியே வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இப்போது லைப்ரரி

இவ்வளவும் சரி என்றால் லைப்ரரியைச் சந்தேகிக்கலாம். அதோடு வரும் எடுத்துக்காட்டு நிரலை ஒரு எழுத்துகூட மாற்றாமல், பின் எண்களை மட்டும் திருத்தி ஓட்டுங்கள். உங்கள் சொந்த நிரலில் வராதது அங்கே வந்தால், நீங்கள் சேர்த்த ஏதோ ஒன்று இடிக்கிறது. வண்ண எல்இடி பட்டைகளுக்கான லைப்ரரிகள் சிலவும் இன்டரப்டை நிறுத்தும். இரண்டையும் சேர்த்தால் மோதும்.

கம்பைலே ஆகவில்லை (நிரல் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாறவில்லை), ஏவிஆர் என்ற பெயரில் ஒரு கோப்பு இல்லை என்கிறது என்றால், அந்த லைப்ரரி ஊனோ வகைச் சிப்புக்கு எழுதியது. இஎஸ்பி32இல் அது ஓடாது. திருத்தப் பார்ப்பதைவிட வேறு தேடுவது நல்லது. ஒரே பெயரில் இரண்டு லைப்ரரிகள் கணினியில் இருந்தால் எதை எடுத்தது என்று கம்பைல் செய்தியின் கடைசியில் காட்டும். பழையதை அழித்துவிடுங்கள்.

அப்போதும் சரியாகாவிட்டால், லைப்ரரியை எழுதியவரிடம் கேட்கலாம். போர்டின் பெயர், கன்ட்ரோலர் அசலா நகலா, எந்த வயர் எந்தப் பின்னில், மேலே சொன்ன பிரிக்கும் சோதனையில் என்ன வந்தது, எந்தப் பட்டனுக்கு என்ன எண் விழுகிறது என்பவற்றை எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் அவரால் உதவ முடியாது. தன் ஓய்வு நேரத்தைக் கொடுத்து இலவசமாக எழுதித் தந்த ஒருவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதையும் அது.

ஒரு பட்டன் மட்டும் வரவில்லை

மற்ற எல்லாம் வந்து, ஒரே ஒரு பட்டன் மட்டும் அழுத்தமாக அழுத்தினால்தான் வருகிறது என்றால், அது நிரலும் இல்லை, வயரும் இல்லை. கன்ட்ரோலரைத் திறங்கள். பட்டனுக்கு அடியில் ரப்பர் தகடு, அதில் கறுப்புக் கார்பன் வட்டம், அதற்கு நேர் கீழே பலகையில் பின்னிய விரல்கள்போல் இரண்டு தடங்கள் இருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் தடங்களைத் துடையுங்கள். கார்பன் வட்டத்தை லேசாகத் தட்டித் துடைத்தால் போதும். தேய்த்தால் கார்பனே போய்விடும். நன்றாக உலர விடுங்கள். மூடும்போது திருகுகளை முதலில் பின்பக்கமாகச் சுழற்றி, பழைய மரையில் 'டக்' என்று விழுந்ததும் முன்னே சுழற்றுங்கள். முப்பது வருடப் பிளாஸ்டிக் அது. இறுக்கம் தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள்.